நடுக்கடலில் பல் தீட்டியது

பிரஷ்ஷும் கையுமாக ஒரு கணக்கு வாத்தியார் தன் மகளைக் கிணற்றைச் சுற்றித் துரத்துவது அயலுக்கு நல்ல காட்சி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையில் எங்கள் வளவின் கிடுகு வேலியில் திடீரெனப் பொத்தல்கள் பெருகியதற்கு அதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளிடம் இருந்தது பிடிவாதமல்ல, கூச்சம். சட்டைக் கழுத்தின் தையல் உராய்ந்தால் சட்டையைக் கழற்றி எறிவாள். நெற்றியில் மழைத்துளி விழுந்தால் அடி விழுந்ததுபோல் அழுவாள். பிரஷ்ஷின் நுனி ஈறில் பட்டதும், “பல்லுக்குள்ளை எறும்பு ஓடுது அப்பா!” என்று ஓடிவிடுவாள்.

இதைச் சிரித்துக் கடந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் பல் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்த தாதி, எங்கள் பேச்சில் பல் மிஸ்ஸி, அவளுடைய கடைவாயில் ஒரு கறுப்பைக் கண்டுவிட்டார்.

“மாஸ்டர், இது நிலைப் பல்லு. கழட்டினால் திரும்பி முளைக்காது. அடுத்த தவணை நான் வரேக்கை கறுப்புப் பரவியிருந்தால் கழட்டத்தான் வேணும்.”

பிரஷ்ஷையே தாங்காத பிள்ளை பல் பிடுங்கும் குறட்டை எப்படித் தாங்கும்?

நான் படித்த மனிதன். ஆகவே ஒரு புத்தகம் வாசித்தேன். மேற்பல்லைக் கீழ்நோக்கி, கீழ்ப்பல்லை மேல்நோக்கித் தீட்ட வேண்டும் என்றும், முதலில் ஒரு பொம்மைக்குத் தீட்டிக் காட்டினால் பிள்ளையின் அச்சம் தெளியும் என்றும் அதில் இருந்தது. எங்களிடம் பொம்மை இல்லை, ஆடு இருந்தது. ஆடு மிகுந்த ஒத்துழைப்புக் கொடுத்தது. முடிவில் பிரஷ்ஷையும் தின்றது. இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். கூட்டுறவுச் சங்கக் கடையில் கிடைத்த அடுத்த பிரஷ், வள்ளத்தின் அடியைச் சுரண்டச் செய்ததுபோல் இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு இளக்கினேன். பற்பசை எரிந்தது. வேப்பங்குச்சி கைத்தது. கரித்தூளுக்கோ, “காதுக்குள்ளை கறகறக்குது” என்றாள்.

“இஞ்சேருங்கோ, கவலைப்படாதேங்கோ. ஆட்டுக்கெண்டாலும் பல்லு வெள்ளையாக் கிடக்கு” என்றாள் மனைவி.

நான் படிப்பித்ததும் மகள் படித்ததும் எதிர்க்கரையான காரைநகரில். தினமும் காலையில் மோட்டார் லோஞ்சில் கடலைக் கடப்போம். அந்த லோஞ்சின் எஞ்சின் ஓடியதைவிட நடுங்கியதே அதிகம். அதைச் செலுத்திய தண்டையலிடம், “உன்ரை மெஷினாலை இடுப்பெலும்பு கழண்டு போச்சு” என்று முறையிடாமல் யாரும் இறங்குவதில்லை. ஒருநாள் மகள், எஞ்சினை மூடியிருந்த மரப்பெட்டியில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். அவளுடைய தாடை கடகடவென்று ஆடியது. “அப்பா, இஞ்சை எறும்பு இல்லை” என்றாள்.

மறுநாள் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் கொண்டுபோனேன். நான் அவளுடைய தாடையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவளே பிரஷ்ஷை வாங்கி, பெட்டியில் சாய்ந்து எஞ்சினோடு சேர்ந்து நடுங்கியபடி, ஒரு வரிசை முழுவதையும் தீட்டி முடித்தாள். நான் வாசித்த புத்தகத்தில் எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

எங்கள் தீவுகளில் ஒருவன் ஒரே விசித்திரத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்தால் அது பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது நேர்த்திக்கடன். வாத்தியார் என்ற மரியாதையால் எனக்கு இரண்டாவதைத் தந்தார்கள்.

“நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தியோ மாஸ்டர்?” என்று மீன் விற்கும் பெண் ஒருத்தி கேட்டாள்.

“இல்லை அக்கா. பல்லுத்தான்.”

“ஓமோம். வெளியிலை சொல்லக்கூடாதுதானே.”

வாசிகசாலையில் நேர்த்திகளுக்கு எதிராக மணிக்கணக்கில் பேசியவன் நான். என் மறுப்பே சாட்சியாகிவிட்டது. சோதனையில் தவறிய மகனோடு ஒரு தாய் பிரஷ்ஷுடன் வந்தாள். இடமாற்றம் வேண்டி ஓர் அரசாங்கக் கிளாக்கர் வந்தார். கடைசியில் லோஞ்சில் பாதிப்பேர் நுரையும் வாயுமாக நின்றார்கள். சோளகக் காற்றில் எந்தப் பக்கம் துப்புவது என்று அவர்களில் பலர் யோசிக்கவில்லை. அந்த நுரை முழுவதும் எஞ்சின் பெட்டியில் அமர்ந்திருந்த ஊர் அதிகாரியான விதானையாரின் வெள்ளை வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

தண்டையல் நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தினார். “இது லோஞ்சோ, கிணத்தடியோ? மாஸ்டர், நீங்கள்தானே துவக்கினது. உண்மையா நேர்த்தியெண்டால் சொல்லுங்கோ, விடுறன். இல்லாட்டி நாளையிலை இருந்து இஞ்சை ஒருத்தரும் பல்லுத் தீட்ட ஏலாது.” அவர் கத்தோலிக்கர்; ஆனாலும் அடுத்தவருடைய அம்மனோடு பகைக்க விரும்பாதவர்.

லோஞ்ச் இல்லையேல் பல் இல்லை. என் கொள்கையைக் கடலில் போடுவதென்று முடிவெடுத்து வாயைத் திறந்தேன்.

“அப்பா பொய் சொல்லப்போறார்” என்றாள் மகள். “நேர்த்தி இல்லை. உங்கடை மெஷின் நடுங்கினால் எனக்குக் கூசாது.”

தண்டையல் அவளை உற்றுப் பார்த்தார். “என்ரை மெஷினோ?”

“ஓம். வேறை ஒண்டும் சரிவராது.”

வழக்கில் வென்றவர்போல் அவர் சனத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டியளோ? இடுப்பெலும்பு கழண்ட ஆக்கள் எல்லாரும் கேட்டியளோ? விதானையார், எழும்புங்கோ. பிள்ளை இருக்கட்டும். மற்றவைக்கு வீட்டிலை கிணறு கிடக்கு.”

அன்றிலிருந்து எஞ்சின் பெட்டி அவளுடைய சிம்மாசனம். தண்டையல் அவளுக்காகக் கொஞ்சம் கூடவே நடுங்க விடுவார்.

அடுத்த பள்ளித் தவணையில் பல் மிஸ்ஸி மறுபடியும் வந்தார். வகுப்பறைக் கதிரையில் மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தாள்.

“மெஷின் வேணும்” என்றாள்.

கடலில் நிற்கும் லோஞ்சைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர ஏலாது. கதிரைக்குப் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவளுடைய தாடையை அழுத்திப் பிடித்தேன். “டுப் டுப் டுப் டுப்” என்று தொடங்கி, தலை முதல் கால் வரை நடுங்கினேன். யன்னல் முழுவதும் என் மாணவர்களின் தலைகள்.

“டேய், மாஸ்டர் ஸ்டார்ட் ஆயிட்டார்!”

மகள் கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். மிஸ்ஸி கண்ணாடியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார்.

“கறுப்புப் பரவேல்லை. பல்லு நிக்கட்டும்” என்றவர், என்னைப் பார்த்து, “காணும் மாஸ்டர், நிப்பாட்டுங்கோ” என்றார்.

“நிப்பாட்டாதேங்கோ அப்பா” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே. “இன்னும் கரை வரேல்லை.”

நான் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, அவளைக் கரைசேர்த்த பிறகுதான் நின்றேன்.