மூன்றாவது கியருக்கு ஏழு விநாடி

ஜூன் 14, ஞாயிறு, காலை 6.40. தூறல், காற்று இல்லை.

பால் வாங்கிக்கொண்டு, போர்ட் பிளேரில் எங்கள் வீட்டுக்குப் போகும் டெலானிபூர் ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குக் கார் தானாக மாற வேண்டும். மாறவில்லை. இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வேகம் கூடவில்லை. எண்ணினேன் – ஒன்று, இரண்டு... ஏழு! பிறகு முதுகில் யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். பால் கவர் இரண்டும் கீழே.

இருபத்தொரு வயதுக் கார். என் மனைவி லட்சுமிக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது. அவள் ஓட்டுவதற்காக, கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடிப் பிடித்து, சென்னையிலிருந்து கப்பலில் ஏற்றி வந்தேன்.

அந்த முழங்கால் ஆபரேஷனுக்குத்தான் அவள் சென்னையில் மகள் வீட்டுக்குப் போனாள். ஆறு வாரம் என்று சொன்னாள். எட்டு மாதம் பதினோரு நாள் ஆகிறது.

"அந்த மேட்டுல அம்மா எப்படிப்பா ஏறுவாங்க? இங்கேயே இருக்கட்டுமே" என்கிறாள் மகள். என்னிடம் இருந்தது ஒரே பதில் – "கார் இருக்கே!" அந்தப் பதில்தான் இப்போது பாதி ஏற்றத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் ஷாதிபூர் மெக்கானிக் ஆரோக்கியம் வந்தார். தூத்துக்குடிக் குடும்பம், பேச்சில் பாதி இந்தி.

"கியர் ஆயில் யாரு பாக்குறது அங்கிள்?"

"நான்தான். அவ போனதுலேருந்து வாராவாரம் பாக்குறேன். நோட்டுல எழுதியிருக்கேன்."

பார்த்தபோதெல்லாம் அளவு கோட்டைத் தாண்டியிருந்தது. கூடுதலை டியூப் விட்டு உறிஞ்சி எடுத்தேன். இதுவரை 940 மில்லி. அதைச் சேர்த்து வைத்த பாட்டிலைப் பெருமையாகக் காட்டினேன்.

"எங்க நிறுத்திப் பாத்தீங்க?"

"இங்கதான். வாசல்ல."

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு என்னை.

"அரே அங்கிள்! வண்டி மூக்கு பள்ளத்துல தொங்குது. ஆயில் பூரா முன்னாடி வந்து நிக்கும். இன்ஜினும் பந்த், ஓடவே இல்ல! பின்ன, கூட்டித்தானே காட்டும்? நல்லா இருந்த வண்டியைப் பட்டினி போட்டுட்டீங்களே!"

எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள். ஒரு வாசலாவது சமமாக இருக்கிறதா? நாற்பது வருடம் சரிவிலேயே வாழ்ந்தவனுக்குச் சரிவு கண்ணில் படுமா என்ன?

வண்டியை ஃபீனிக்ஸ் பே ஜெட்டிப் பக்கம் மெதுவாக இறக்கி, சமதரையில் நிறுத்தினார். இன்ஜினை ஓடவிட்டே புது ஆயில் ஊற்றத் தொடங்கினார். நான் லட்சுமிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

சிரித்தாள். "வாசல்லயா வச்சுப் பாத்தீங்க? மீன் வாங்கப் போறப்பல்லாம் ஜெட்டிகிட்ட சமதரையில பானெட்டைத் திறந்து வச்சுட்டு நிப்பேனே... எதுக்குன்னு நெனச்சீங்க?"

"வண்டி சூடாயிடுச்சுன்னு..."

"பதினெட்டு வருஷமா சூடாச்சாக்கும்!"

பதினெட்டு வருடமும் நான் மீன் பையோடு பக்கத்தில் நின்று, 'மணி ஆகிறது' என்று அவசரப்படுத்தியிருக்கிறேன். எத்தனை நிமிடம் மிச்சம் பிடித்தேன்? எதற்காக?

எதிரே ஒரு கப்பல் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன் – அவள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே!

"எப்ப வர்றே?" என்றேன்.

"முதல்ல வண்டி மேடு ஏறட்டும். அப்புறம் பாக்கலாம்."

ஏறியது. மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை. "பக்கா!" என்றார் ஆரோக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு விமான டிக்கெட் போட்டேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, ஒருவழி, ஜன்னலோரம். பணம் திரும்பக் கிடைக்காத ரகம். அவள் இன்னும் 'சரி' சொல்லவில்லை.

ஆயில் 680, கூலி 400, டிக்கெட் 7,315 – ஆக மொத்தம் 8,395 ரூபாய்.