ரய்யான் போட்டான் என்று சொன்னவர்

1995 மார்ச் 11, சனிக்கிழமை. அங்கமுத்துவுக்கு அப்போது பதின்மூன்று வயது. இப்போது நாற்பத்து மூன்று. எந்த வேலையிலும் தரிக்காமல் ஏழாவது வேலைக்கு வந்திருக்கிறார். அடுக்குமாடி வீடுகளின் தடுப்புச்சுவரில் யாராவது பூந்தொட்டி வைத்திருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும்.

“பூந்தொட்டி போலீஸ் வந்துட்டாரு லா!” என்று கிண்டல் செய்வார்கள். அதற்குள் அவர் அடுத்த மாடியில் இருப்பார்.

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் அவர் வளர்ந்த கட்டடத்தில் அந்தக் காலத்தில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. கனமான பொருளைக் கீழே புல்தரையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு படியிறங்குவது பிள்ளைகளின் பழக்கம். அந்தச் சனிக்கிழமை அங்கமுத்து ஏழாம் மாடியிலிருந்து சைக்கிள் பூட்டைக் கீழே போட்டார். கீழே நடந்துபோன பெண்ணின் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

பக்கத்தில் நின்ற ரய்யான், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, உதவிக்குக் கீழே ஓடினார். அங்கமுத்து வீட்டுக்குள் ஒளிந்தார். போலீஸ் கேட்டபோது, “ரய்யான்தான் போட்டான்” என்றார். ரய்யான் மறுத்ததை யாரும் நம்பவில்லை; பத்து மாதம் சிறுவர் இல்லத்தில் இருந்தார்.

கடந்த பிப்ரவரியில் தேக்கா உணவுக் கடையில், துவாஸ் தொழிற்பேட்டையில் பாரந்தூக்கி ஓட்டும் ரய்யானைத் தேடிப்பிடித்தார் அங்கமுத்து.

“நான்தான்டா போட்டேன்.”

“அதை எங்கிட்ட சொல்றியா? நான் பக்கத்துலதானேடா நின்னேன்!” ரய்யான் சிரித்தார். பிறகு புரோட்டாவைத் தள்ளி வைத்தார். “உம்மாதான் இன்னும் நான் போட்டேன்னு நினைக்கிறாங்க. போய் அங்க சொல்லு.”

ரய்யானின் தாயார் வீட்டுக்கு, வேலைச் சீருடையிலேயே நான்கு முறை போனார். நான்கு முறையும் கதவைத் தட்டாமல் திரும்பினார். ஐந்தாம் முறை தாயார் ஹலீமாவே கதவைத் திறந்தார்.

“எத்தனை தடவைப்பா வருவே? இங்க பூந்தொட்டி எதுவும் இல்ல!”

“ஆண்ட்டி, நான் அங்கமுத்து. ஏழாம் மாடி.” நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஹலீமா கதவைப் பிடித்துக்கொண்டார். “ரய்யானோட வாப்பா மௌத்தாகி அடக்கமாகுற வரைக்கும் அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. தெரியுமா உனக்கு?”

“தெரியும், ஆண்ட்டி. மன்னிச்சிருங்க.”

“அதெல்லாம் எங்கிட்ட கேக்காதே. பெருநாளைக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் இங்க வருவாங்க. என் பிள்ளையக் குத்தவாளி மாதிரி பாத்தவங்க. அவங்க முன்னாடி சொல்லு. சத்தமா சொல்லு.”

நோன்புப் பெருநாள் வரும் திங்கட்கிழமை. உறவினர்கள் பதினோரு மணிக்கு வருவார்கள். அங்கமுத்து பத்தரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.