வால் பிளந்த பறவை

ஏலக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பழைய பரிமாறும் பாத்திரங்களைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து, இது இன்ன பட்டறையில் செய்தது, இது வெள்ளி இல்லை, வெறும் வெள்ளி முலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வெள்ளி என்று நம்பித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கிறது?

அன்றைக்கு வந்தது மூடி போட்ட பெரிய பாத்திரம் ஒன்று. அழகென்றால் அப்படியொரு அழகு. முத்திரைதான் பாதி தேய்ந்து கிடந்தது. வால் இரண்டாகப் பிளந்த ஒரு பறவை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெயர் போயே போய்விட்டது. எந்தப் புத்தகத்திலும் அந்தப் பறவை இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள், பவுடரைத் தூவித் துடைத்தாள், வாயால் ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை.

முதலாளி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“ஏம்மா, காலைல இருந்து அதையே பாத்துட்டிருக்க. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா சொல்லிடு. வெளியில இருந்து ஒருத்தர் வரேங்கிறார். இனிமே எல்லாத்தையும் அவரே பாத்துக்கட்டும்.”

அந்த ‘எல்லாத்தையும்’ சுருக்கென்று தைத்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்த நாற்காலி! அதை இந்தப் பாழாய்ப்போன பறவை கொத்திக்கொண்டு போவதா?

அப்போதுதான் பொறி தட்டியது. இந்தப் பறவையை அவள் பார்த்திருக்கிறாள். அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அண்ணி தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த முலாம் கரண்டியின் பின்பக்கம். அதே பிளந்த வால், பக்கத்திலேயே முழுப் பெயர். என்ன பெயர்? ஞாபகம் வந்தால்தானே! எங்கே போய்விடப்போகிறது என்று ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற புத்தியை என்னவென்று சொல்ல?

“சாயங்காலம் பேரோட வரேன் சார்” என்று சவடாலாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பஸ்ஸோ சிக்னலுக்குச் சிக்னல் நின்று உயிரை வாங்கியது.

கதவைத் திறந்த அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணி, அந்தக் கரண்டி எங்க?”

“அதுக்குள்ள மூக்குல வேர்த்துடுச்சா உனக்கு?” என்று உள்ளே போன அண்ணி, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து பிரித்துக் காட்டினாள்.

கரண்டி கண்ணைப் பறித்தது. வெடுக்கென்று வாங்கித் திருப்பினாள். பறவையும் இல்லை, பெயரும் இல்லை. குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. முலாம் கடைக்காரன் சக்கரத்தில் கொடுத்துத் தேய்தேயென்று தேய்த்து, மேலே புது வெள்ளி ஏற்றியிருக்கிறான், படுபாவி.

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?” அவள் குரல் அவளுக்கே நாராசமாகக் கேட்டது. “அதுல பேர் இருந்துச்சு அண்ணி! அதுக்காகத்தான் ஓடி வந்தேன். என் வேலையே போகப்போகுது. மொத்தமா தேய்ச்சுத் தொலைச்சுட்டீங்களே!”

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“என் கரண்டியக் குடுக்க நான் யாரைக் கேக்கணும்?” என்றாள். பிறகு குரல் உடைந்தது. “சாப்பிட வர்ற ஒவ்வொரு தடவையும் அதத் திருப்பித் திருப்பிப் பாப்ப. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்ட. சரியா கழுவலன்னு பாக்கிறியோ, கறுத்துப்போனதப் போய் மேசைல வச்சிருக்காளேன்னு பாக்கிறியோன்னு எனக்குச் சோறே இறங்காது. உங்க அண்ணன்கிட்ட அழுதிருக்கேன், தெரியுமா? அடுத்த தடவ நீ வரும்போது குறை சொல்ல இடமே இருக்கக் கூடாதுன்னுதான் குடுத்தேன்.”

கைப்பையில் போன் அடித்தது. முதலாளியாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆற்றாமை விடவில்லை.

“நான் அந்தப் பேரத்தான் அண்ணி பாத்தேன்” என்றாள் கடைசியில்.

“இத்தன வருஷத்துல ஒரு தடவ எனக்கும் காட்டியிருக்கலாமில்ல?” அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்காவது அந்தப் பேர் ஞாபகம் இருந்திருக்கும்.”