அக்காவிடம் கொடுத்த அத்தியாயம்

அந்தக் கணினித் திரை இப்போதும் கண்முன் நிற்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் பக்கத்துக்குப் பக்கம் சிவந்து கிடந்தது. பிறர் எழுத்திலிருந்து எடுத்த வரிகளை ஒப்புமைச் சோதனை மென்பொருள் சிவப்பில் காட்டும். ஏற்கெனவே ஓர் ஆய்விதழில் வெளியான கட்டுரையோடு என் வரிகள் அப்படியே ஒத்துப்போவதாகக் கீழே ஒரு குறிப்பு. அந்தக் கட்டுரையை எழுதியதாக, நான் கேள்வியே படாத இரண்டு பெயர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் கல்லூரி நூலகர். ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். என் தோளில் கைவைத்து, "பயப்படாதடி, ஏதாவது டெக்னிக்கல் மிஸ்டேக்கா இருக்கும். நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்தக் கையை நான் நம்பினேன்.

நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்ற நினைப்போடுதான் தாம்பரத்துக் கல்லூரியில் ஆய்வுக்குச் சேர்ந்தேன். அக்காவின் மேசையில் புத்தகமே இருக்காது. காசு கட்டினால்தான் திறக்கும் வெளிநாட்டுக் கட்டுரைகளை, வேறு ஊர் நூலகர்களுக்கு மின்னஞ்சல் போட்டு எங்களுக்காக வரவழைப்பார். மேற்கோள்களை எப்படி அடுக்குவது, எந்த ஆய்விதழ் நிஜம், எது போலி என்று பொறுமையாகச் சொல்லித் தருவார். "உடனே போட்டுத் தர்றோம்னு மெயில் அனுப்பறவன் எல்லாம் ஃபிராடு. உன் டேட்டாவைத் தெரியாதவங்க கையில குடுக்காதே" என்பது அவர் எல்லோரிடமும் சொல்வது. நான் கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவள். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள். என் ஆங்கிலத்தைப் பார்த்து வகுப்பில் சிரித்தவர்கள் உண்டு. அக்கா சிரித்ததில்லை. வரிவரியாகத் திருத்தித் தருவார். நல்ல வஞ்சிரம் வந்த நாட்களில் அம்மா ஒரு துண்டை அவருக்கென்று எடுத்துவைப்பாள்.

என் ஆய்வு எங்கள் ஊர் உப்பங்கழியில் கிடைக்கும் மட்டிச் சிப்பிகளைப் பற்றியது. மூன்றாம் அத்தியாயத்தை எழுதி முடித்ததும், நெறியாளரிடம் கொடுக்கும் முன்பே, ஒப்புமைச் சோதனைக்காக அக்காவிடம்தான் கொடுத்தேன். பிறகு ஒரு வருடம் போல மற்ற அத்தியாயங்களில் மூழ்கிவிட்டேன். முழு ஆய்வேட்டையும் சோதித்த அன்றுதான் திரை சிவந்தது.

அன்று வீடு திரும்பும்போது பேருந்து மேடவாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. போனில் அந்தக் கட்டுரையை முதலிலிருந்து படித்தேன். நான் எண்ணிய மட்டிகள், நான் அளந்த உப்பு, நான் திணறித் திணறி எழுதிய வாக்கியங்கள். நடுவில் ஓர் இடத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது: அம்மா துறை.

அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. கழி வளைகிற இடத்தில் அம்மா இறங்கி மட்டி அள்ளுவாள் என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு அந்தப் பெயர். முதல் பிரதியில் பழக்கதோஷத்தில் அப்படியே அடித்துவிட்டேன். பிறகு கூச்சமாகி, அதை எடுத்துவிட்டு வெறும் எண்ணைப் போட்டுத்தான் நெறியாளருக்கு அனுப்பினேன். அம்மா துறை இருந்த பிரதி ஒரே ஒருவருடைய கைக்குத்தான் போயிருந்தது.

நடந்ததைக் கேட்டு அம்மா கொதித்தாள். "எவன்டி அவன்? சேத்துல கால வெச்சிருப்பானா? நம்ம வூட்டுப் பேரு அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் பெயர் வாயில் வரவில்லை.

மறுநாள் நூலகத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். போனை அவர்முன் வைத்து அந்தப் பெயரைக் காட்டினேன். அக்கா மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ப்ரமோஷனுக்கு எனக்கும் பேப்பர் கேக்கறாங்கடி. இத்தனை பேருக்குச் செஞ்சு குடுக்கறேன், ஒரு புரொஃபசராவது என் பேரைச் சேர்த்திருக்காரா? கட்டுரை போட்டுத் தர்ற ஒரு கன்சல்டன்சிக்காரங்க வந்தாங்க. நல்ல சாம்பிள் குடுத்தா, என் பேர்ல ஒண்ணு போட்டுத் தர்றோம்னாங்க. அதையே வேற யாருக்கோ வித்துடுவாங்கன்னு நான் நினைக்கல."

"ஏன்க்கா என்னோடதைக் குடுத்தீங்க?"

"உன்னோடதுதான் நல்லா இருந்துச்சு. போனாலும் நீ எப்படியும் திரும்ப எழுதிடுவே."

அதை அவர் பாராட்டாகவே சொன்னார். இதற்காகக் கல்லூரி அமைக்கும் விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாக என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். அப்போதும் நம்பினேன்.

குழுவின் முன் அக்கா தெளிவாகப் பேசினார். "ஸ்காலர்ஸ் ஃபைலை லைப்ரரி கம்ப்யூட்டர்ல அப்படியே விட்டுட்டுப் போயிடறாங்க சார். எவ்வளவோ தடவை சொல்லியாச்சு. யார் எடுத்தாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் அம்மா துறையைப் பற்றிச் சொன்னேன். நூலகத்தில் அவர் என்னிடம் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். "மேப்லயே இல்லாத பேருக்கு என்னம்மா ப்ரூஃப்?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர். என் நெறியாளர் மட்டும் களத்தில் என்னோடு நின்றவர் என்பதால் வாதாடினார். கடைசியில், திருடி என்ற பெயரிலிருந்து தப்பினேன். ஆனால் அந்த அத்தியாயம் செல்லாது, புதிதாக மாதிரிகள் எடுத்து எழுத வேண்டும் என்றார்கள்.

மறுபடியும் சேற்றில் இறங்கினேன். யார் செய்தது என்பதை அங்கே வைத்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, சல்லடையை என் பக்கம் நீட்டினாள். "அள்ளுடி. அந்தம்மா எத்தினி வாட்டி எடுத்துகினு போவும், பாப்போம்." அந்தப் பருவம் முழுக்க அவளும் என்னோடு நின்றாள்.

பட்டம் வாங்கினேன். இப்போது வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அந்தக் கட்டுரை இன்னும் இணையத்தில் இருக்கிறது. ஆய்விதழுக்கு நான் எழுதிய எந்த மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அதை மேற்கோள் காட்டி வேறு பலர் எழுதிவிட்டார்கள். அக்கா பதவி உயர்ந்து இன்னொரு கல்லூரிக்குப் போனார் என்றும், ஆய்வு நெறிமுறை பற்றிப் பயிலரங்கு நடத்துகிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

போன மாதம் தாம்பரம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அதற்குள் அவரே கையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார். முடி நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. "எப்படிடி இருக்கே? அம்மா சௌக்கியமா?" என்று கேட்டார். பிறகு, "ஒவ்வொரு வொர்க்‌ஷாப்லயும் உன் கதையைத்தான் சொல்றேன். ஃபைலைக் கண்ட கம்ப்யூட்டர்ல விட்டுட்டுப் போனா என்ன ஆகும்னு. பேர் சொல்றதில்ல, கவலைப்படாதே" என்றார்.

அவர் முகத்தையே பார்த்தேன். கேலி இருக்கிறதா, பயமாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததாக ஆகிவிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று இத்தனை வருடமும் உள்ளுக்குள் எங்கோ காத்திருந்திருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரயில் வந்தது. அக்கா முதலில் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். "வாடி, உட்காரு."

நான் இறங்க வேண்டிய பல்லாவரம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.