நனையாத வயர்

வண்டியின் வயர் கனெக்டரைக் கழற்றியதும் மக்கீன் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார். கண்ணாடியைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மழைத்தண்ணீர் என்றால் வாடை இல்லை. வயல் சேறு என்றால் புளித்த நெடி. ஓயா என்கிற மலையாறு என்றால் இலை அழுகிய மணம். முகர்ந்துவிட்டு எதிரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஜீப்காரனை நிமிர்ந்து பார்ப்பார். "எந்த ஓயாவுல கொண்டு எறக்கின? உண்மையச் செல்லு. எனக்கு வண்டியே செல்லிட்டு."

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், பெரிய வீதியிலிருந்து மகாவலியை நோக்கி இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய கராஜ். நக்கிள்ஸ் மலைக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றிப்போகும் ஜீப்புகளும், தோட்டத்துப் பாதைகளில் மரக்கறி இறக்கும் வண்டிகளும் அவரைத் தேடி வரும். இந்தக் காலத்து வண்டிக்கு மூளை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. அது பல வண்டிகளில் கால் வைக்கிற இடத்திலோ சீட்டுக்கு அடியிலோ கிடக்கும். "புது அலுமாரிய வாங்கி ஆத்துப் படிக்கட்டுல வெச்ச மாதிரி" என்பார். அதைக் கழற்றி மேலே ஏற்றி, உறை போட்டு மூடுவார். ஒவ்வொரு கனெக்டருக்குள்ளும் சுண்டுவிரலால் கிரீஸ் தடவுவார், கண்ணுக்குச் சுருமா இடுவதைப்போல. வயரை நேராக இழுத்துக் கட்டமாட்டார். சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றுவார். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போய்விடுமாம். டேப்பைப் பல்லால்தான் அறுப்பார். முன்பல் ஒன்றில் கறுப்பு ஏறிக் கிடக்கிறது.

தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒரு சொல் உண்டு. "தண்ணி கள்ளன் இல்ல, சொந்தக்காரன். பூட்ட ஒடைக்க மாட்டான். உள்ள பேச்சுச் சத்தம் கேட்டாப் போதும், வந்து குந்திருவான்." இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் சத்தமாகச் சிரிப்பார்.

வண்டியை ஒப்படைக்கும்போது சொல்லும் வசனம் வேறு. "ஓயாவுக்கு முன்னால நிப்பாட்டு. எறங்கி ஒரு பிளேன்டீ குடி. இஞ்சின் ஆறட்டும். சூட்டோட எறங்கினா பெட்டி தண்ணிய உறிஞ்சும்." கண்டிப் பக்கத்து ஜீப்காரர்கள் இதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

நஸீபும் சொல்லிக் காட்டுவான். மக்கீனின் மனைவி றமீலாவுக்கு ஒரே தம்பி அவன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையாய் வந்திறங்கிய மக்கீனின் காலைக் கழுவிவிட்டு மோதிரம் வாங்கிக்கொண்ட சிறுவன், வளர்ந்து ஒரு ஜீப் வாங்கினான். அந்த வண்டிக்கு மக்கீன் ஒரு நோன்பு மாதம் முழுவதும் வேலை செய்தார். வேறு வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பசித்த வயிற்றோடு குனிந்து கிடந்து, வயர் வயராகக் கட்டினார். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு வேலையை அவர் செய்யவில்லை. "எங்கட மச்சான் கட்டின வண்டி, கடல்லயும் ஓடும்" என்று நஸீப் போகிற இடமெல்லாம் பெருமையடித்தான். மக்கீன் அதை மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மழைக்காலத்துக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து மக்கீன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். றமீலா கறி ஊற்றிக்கொண்டிருந்தாள். நஸீபின் அழைப்பு வந்தது. கையில் சோறு இருந்ததால் ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், ஓயா கொஞ்சம் ஏறியீக்கி. அந்தப் பக்கம் வெள்ளக்காரங்க ரெண்டு பேர் எனக்காகக் காத்துக்கிட்டு ஈக்காங்க. எறங்கவா?"

"தண்ணி எவ்வளவு?"

"பம்பருக்குக் கொஞ்சம் மேல."

"இஞ்சின் ஆறிச்சா?"

"நீங்க செல்லித் தந்த மாதிரியே. டீயும் குடிச்சிட்டேன்."

"பொறகு என்ன பயம்? நான் கட்டின வயர்டா அது. எறங்கு."

ஆழத்தைக் கேட்டார், சூட்டைக் கேட்டார். ஆற்றின் இழுப்பைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை வருஷமும் தண்ணீர் என்றால் அவருக்கு உள்ளே கசிகிற ஒன்றுதான். வண்டியையே தூக்கிக்கொண்டு போகிற தண்ணீரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

ஜீப் நடு ஓயாவில்கூட நிற்கவில்லை. அக்கரையில் நின்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அது மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு தண்ணீர் அதைக் கொண்டுபோனது. நஸீபின் மையித்து முதலில் கிடைத்தது. பாறையிடுக்கில் சிக்கியிருந்த வண்டியைப் பின்னர்தான் கண்டார்கள்.

ஜனாஸா வீட்டில் ஆட்கள் வந்து வந்து மக்கீனின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். வண்டியைத் தேடப் போனவர்களில் ஒருவனான அஸ்ஃபர் பக்கத்தில் வந்து குந்தினான். அவனும் ஜீப்காரன்தான், மக்கீனை அண்ணன் முறையில் 'நானா' என்பவன். துக்கத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றுதான் சொன்னான்.

"நானா, நாங்க கண்ட நேரமும் ரெண்டு லைட்டும் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திச்சி. அவ்வளவு தண்ணிக்குள்ளயும் ஒரு வயர் நனையல்ல."

மக்கீன் தலையை மட்டும் ஆட்டினார். வேலை பிசகியிருந்தால், ஒரேயொரு கனெக்டரை அரைகுறையாக விட்டிருந்தால், கரையோரத்திலேயே இஞ்சின் இருமிச் செத்திருக்கும். நஸீப் அவரை வாயாரத் திட்டிக்கொண்டு, முழங்கால் நனைய நடந்து கரையேறியிருப்பான். அன்றைக்கு உள்ளே நுழைந்த இந்த எண்ணம் இன்னும் வெளியேறவில்லை.

கராஜை மூடிப்போட்டார். ஆனால் கதை பரவிவிட்டது. ஆற்றுக்குள்ளும் விளக்கெரிந்த வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு. முன்பைவிட அதிகம் பேர் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். தான் செய்யாவிட்டால் வேறு யாராவது அரைகுறையாகச் செய்வார்கள், காட்டுக்குள் வண்டி செத்து நிற்கும், அதற்குள்ளும் ஆட்கள் இருப்பார்கள் என்று யோசித்துத் திரும்பத் திறந்தார். சொந்தக்காரன் கதையை இப்போதும் யாராவது கேட்டால் சொல்கிறார். சிரிப்பதை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுகிறார்.

றமீலா அந்த ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் அடித்தால், கையில் எந்தப் பாத்திரம் இருக்கிறதோ அதோடு எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். ஒருநாள் மக்கீனே கேட்டார். "நீ என்னைய ஒரு தரம் ஏசவும் இல்லியே?"

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "ஏசினா அவன் வருவானா?"

அவள் ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று இவருக்கு இன்றும் படுகிறது.

போன ஞாயிறு பகல், சாப்பாட்டு மேசையில் மறுபடி ஃபோன் அடித்தது. மடுல்கெல்லப் பையன் திலக்ஷன். அவனுடைய ஜீப்புக்கும் மக்கீன்தான் வேலை செய்து கொடுத்திருந்தார். மேலே தோட்டத்துப் பக்கம் பெய்த மழையில் ஓயா ஏறியிருந்தது.

"நானா, அந்தப் பக்கம் என் ஆளுங்க இருக்காங்க. ராத்திரி ஃப்ளைட்டு அவங்களுக்கு. போயிறலாமா, சொல்லுங்க?"

றமீலா எழுந்து உள்ளே போனாள்.

"இஞ்சின நிப்பாட்டு" என்றார் மக்கீன். "ஆத்துப் பக்கம் போகவாணாம். நான் வாறேன்."

"அவ்ளோ தூரம் எதுக்கு நானா வர்றீங்க? ஒரு வார்த்த சொன்னாப் போதுமே!"

"ஃபோன்ல செல்லேலாது. நான் வாறேன்."

கையைக் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனவரின் முன்னால் றமீலா மழைக்கோட்டோடு வந்து நின்றாள். அவர் போட்டுக்கொள்ளும் வரை பார்த்து நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வத்தேகமை வரை தூறல். அதற்கு மேல் நல்ல மழை. மக்கீன் போய்ச் சேர்ந்தபோது திலக்ஷன் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு நடுவே ஓயா செம்மண் நிறத்தில் இறங்கிப் போனது. அக்கரையில் குடை பிடித்த இருவர் கையசைத்தார்கள்.

"பாருங்க நானா, பம்பர் அளவு கூட இருக்காது. நீங்க கட்டுன வேல மேல உங்களுக்கே நம்பிக்க இல்லையா?"

"வயர் மேல நம்பிக்கை ஈக்கி மகன்."

"அப்புறம் என்ன? அவங்க ஃப்ளைட்ட விட்டா என் பேரே போயிரும்!"

மக்கீன் திறந்திருந்த ஜன்னலுக்குள் ஈரக் கையை விட்டு இஞ்சினை அணைத்தார். சாவியை உருவி, மழைக்கோட்டுக்கு உள்ளே சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு ஜீப்புக்கும் ஓயாவுக்கும் நடுவில் கிடந்த கல்லொன்றில், தண்ணீரைப் பார்த்தபடி போய்க் குந்தினார்.