பிரியாத காற்று

கிளாத்தேன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை வார்டு நர்ஸாக முர்த்தினா இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தாள். வயிற்றைத் திறந்து தைத்தவர்களிடம் அவள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" யாரும் கூச்சப்பட மாட்டார்கள். சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களே முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள்.

குடல் சும்மா கிடக்கும் குழாய் அல்ல. அதன் தசை வளையங்கள் அங்கங்கே இறுகி, உள்ளே இருக்கும் திரவத்தைத் துண்டாடும். தளர்ந்து மறுபடி சேர்க்கும். பித்தமும் செரிமானச் சாறும் சாப்பாட்டோடு கலப்பது அப்படிப் பிசைவதால்தான். பின்னாலிருந்து வேறோர் இறுக்கம் அலையாக வந்து எல்லாவற்றையும் முன்னே தள்ளும். கத்தி பட்ட குடலில் இந்த அசைவு சில நாள் ஓய்ந்துவிடும். சாறு சுரப்பது மட்டும் ஓயாது. தள்ளிவிட வழியில்லாமல் தேங்கும். அதனால் காற்று பிரிந்த பிறகுதான் கஞ்சி என்பது அந்த வார்டின் சட்டம்.

முர்த்தினாவுக்குத் தலைமை நர்ஸ் பதவி வரவிருந்த மாதத்தில், குடல் முறுக்கிக்கொண்டு வந்து படுத்தாள் சாரிந்தென். ஆஸ்பத்திரி வாசலில் கோழி சூப் விற்பவள். முர்த்தினாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். முர்த்தினாவின் கணவன் செத்தபோது நாற்பது நாள் அவள் வீட்டில் சமைத்துப் போட்டவளும் இவள்தான்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் முர்த்தினா கேட்டாள்.

"பிரிஞ்சுதாடி?"

"பிரிஞ்சுதாவா? இடியே இடிச்சுது! பக்கத்துப் படுக்கைக்காரி எழுந்து உக்காந்துட்டா."

வார்டே சிரித்தது.

"நெசமாத்தானா?"

"உன்கிட்டப் பொய் சொல்லுவேனா? முதல்ல கஞ்சியக் கொண்டா. பசியில உன்னையே தின்னுடுவேன் போல இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்திருப்பாள். இவளுக்கு வைக்கவில்லை. 'காற்று பிரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கஞ்சி வந்தது. சாரிந்தென் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

மதியத்துக்குள் வயிறு பானையாக உப்பி, பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்தாள். மூக்கு வழியே குழாய் விட்டு, தேங்கியதில் ஒன்றரை லிட்டரை வெளியே எடுத்தார்கள். தையல் விடாதது அதிர்ஷ்டம்.

டாக்டர் பிரமுத்யா குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, காத்து பிரிஞ்சுதுன்னு நீங்க சொன்னீங்களா?"

சாரிந்தென் கூரையைப் பார்த்தாள். "நான் அப்படிச் சொல்லலியே டாக்டர். அவளாக் கஞ்சி குடுத்தா. சிநேகிதியாச்சேன்னு நானும் குடிச்சேன்."

காலையில் சிரித்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவ சொன்னா டாக்டர்," என்றாள் முர்த்தினா. "வயித்துல வச்சுக் கேக்காம விட்டது என் தப்பு."

தலைமை நர்ஸ் பதவி வேறொருத்திக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து முர்த்தினா சாரிந்தென் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"டாக்டர் திட்டுவாருன்னு பயந்துட்டேன்டி," என்றாள் சாரிந்தென். "உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். ஏதாவது பேசேன். காத்துகூடப் பிரிஞ்சுடுச்சு, இப்ப நெசமாவே."

"வாய மூடு. நீ பேசினா குடல் சத்தம் கேக்காது."

ஐந்து நிமிடம் முழுசாகக் கேட்டாள். தண்ணீர் புரளும் சத்தம் வந்தது, நின்றது, தள்ளி இன்னோரிடத்தில் வந்தது. குறிப்பில், 'குடல் அசைவு உண்டு, நானே கேட்டேன்' என்று எழுதினாள். காற்றைப் பற்றி எழுதவில்லை.