வாசலுக்கு முன்னால் ஒரு துண்டுப் புல்

வீடு பார்க்க ஆள் வருகிற நாட்களில் மட்டும் மாரியனும் கிளைவும் புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு அறையில் விரித்திருந்த தன் படுக்கையைச் சுருட்டி அவள் அலமாரிக்குள் திணிப்பாள். ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டாகப் பிரித்து வைத்திருந்த பாலையும் வெண்ணெயையும் அவன் ஒரே தட்டில் சேர்த்து அடுக்குவான். ஓவனில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். அந்த வாசனையிலேயே பாதி வீடு விற்றுவிடும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

வருகிறவர்கள் கல் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். ஆப்பிள் மரத்தடியில் நின்று, “என்ன ஒரு அமைதி” என்பார்கள். பிறகு அவர்களுடைய வக்கீல் பத்திரத்தைப் புரட்டுவார். அதோடு சரி.

சிக்கல் வாசலிலேயே கிடந்தது. சந்துக்கும் அவர்கள் வீட்டுக் கேட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுப் புல். ஒரு வண்டி நிற்கிற அகலம். அது பக்கத்துப் பண்ணைக்காரர் வால்டர் ஹெப்டிச்சுடையது. முன்பு இந்த வீட்டில் இருந்தது அவருடைய அத்தை. உறவுக்குள், அதைக் கடந்து போகிற உரிமையை, வழிப்பாத்தியதையை, எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. ரெடிங் நகரத்திலிருந்து இவர்கள் வந்து வாங்கியபோது வக்கீலாக இருந்தவர் கிளைவின் நண்பர். “கிராமத்துல இதையெல்லாம் யார் பாக்கப் போறா?” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார். காகிதப்படி பார்த்தால் அந்த வீட்டுக்குள் பறந்துதான் போக வேண்டும்.

நடப்பதை ஹெப்டிச் ஒருநாளும் தடுத்ததில்லை. வழிப்பாத்தியதை எழுதிக் கொடுங்கள் என்று தரகர் போய்க் கேட்டபோதுதான் “முடியாது” என்றார். காரணம் கேட்டதற்கு, “அந்தம்மாவுக்குத் தெரியும்” என்றாராம்.

மாரியனுக்குத் தெரியும். குடிவந்த இரண்டாவது கோடையில் ரெடிங் நண்பர்களைத் தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஹெப்டிச்சின் சாணிக் குவியல். வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பி, மீன் தட்டில் ஈ மொய்த்தது. விருந்தாளி ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாரியன் கூனிக் குறுகிப் போனாள். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கவுன்சிலுக்குப் போன் போட்டாள். குவியலைத் தள்ளி வைக்கச் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தாள். வந்த அதிகாரிகள் குவியலோடு நிற்கவில்லை. சாக்கடையைப் பார்த்தார்கள், ஓடையைப் பார்த்தார்கள், தொழுவத்தின் தரையைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் இடித்துக் கட்டச் சொன்னார்கள். கட்ட அவரிடம் வழியில்லை. அந்தக் குளிர்காலத்தில் லாரிகள் வந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு போயின.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. “இன்னைக்குக் குளிர் கொஞ்சம் கம்மி, இல்லையா” என்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பப் நடத்தும் நோரீன் ஒருத்திதான் வாய்விட்டுப் பேசினாள். “சாணி நாத்தம் ஆகாதவ கிராமத்துக்கு ஏன்டி வந்தே? கடல்ல இறங்கிட்டு உப்புக் கரிக்குதுன்னு அழுற மாதிரி இருக்கு” என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே மாரியன் அவளிடம் ஒட்டிக்கொண்டாள்.

கல்யாணம் பெரிய சண்டை எதுவும் இல்லாமல், கூரை ஒழுகுவதுபோல ஒழுகி முடிந்தது. கிளைவ் மாடியில் பிரிஸ்டல் ஊர்க்காரி ஒருத்தியோடு போனில் சிரிப்பது கீழே கேட்கும். வீடு விற்காமல் இரண்டு பேராலும் வேறு கூரை தேட முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒன்று ஜன்னல் திரைக்கு அளவுகூட எடுத்துக்கொண்டு போனது. அவர்களும் பின்வாங்கிய அன்று கிளைவ் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“போனை எடுத்தது நீ. நீயே போய்க் கால்ல விழு.”

“நாத்தம் தாங்கலைன்னு நீயும்தானே சொன்னே?”

“சொன்னேன். டயல் பண்ணலையே.”

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பண்ணைக்குப் போனாள். ஹெப்டிச் காலித் தொழுவத்தில் செடிவேலி வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். மற்றவர்கள் நிலத்து வேலியை வெட்டிக் கொடுப்பதுதான் இப்போது அவர் பிழைப்பு. அவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“மிஸ்டர் ஹெப்டிச், நான் செஞ்சது தப்பு. இத்தனை தூரம் போகும்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருக்காதுதான்.”

“மன்னிச்சிருங்க.”

“மன்னிச்சுட்டேன்னே வெச்சுக்குங்க. கையெழுத்து வேற விஷயம்.”

“அந்த வீட்டுக்குள்ள எனக்குப் பைத்தியம் பிடிக்குது. அவன் மெல்லுற சத்தம்கூடத் தாங்க முடியலை. எங்கயாவது போயிடணும். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

அவர் ஒரு திருகாணியை எண்ணெயில் நனைத்தார். “லாரி வந்த அன்னைக்கு நீங்க மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தீங்க. நான் நிமிந்து பாத்ததும் திரையை இழுத்து விட்டீங்க.”

அவள் வாளியிலிருந்து எழுந்தாள்.

“அமைதி வேணும்னுதானேம்மா இந்த ஊருக்கு வந்தீங்க?” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “இப்ப அமைதியாத்தான் இருக்கு. இருந்து அனுபவிங்க.”

அதற்கடுத்து வந்த குளிர்காலம் அவளைத் தின்றது. மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டு. பள்ளத்தாக்கில் ஒரு சத்தம் கிடையாது. அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்திலேயே பொழுதைப் போக்குவாள். தள்ளுவண்டிகள் கடகடப்பதையும் குழந்தைகள் அடம் பிடிப்பதையும் காருக்குள் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் காவலாளி கண்ணாடியைத் தட்டினான்.

“ஏதாவது பிரச்சினையா மேடம்? காலையில இருந்து இங்கயே இருக்கீங்க.”

பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அவன் பயந்துபோய்த் தேநீர் வாங்கி வந்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாடிப்படிக்கு அடியில் நின்று கிளைவைக் கூப்பிட்டாள். “வீட்டை நீயே வெச்சுக்க. என் பங்கும் வேணாம். காரை மட்டும் எனக்குக் குடு.”

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“யோசிச்சா செத்துப் போயிடுவேன்.”

வக்கீல் இரண்டு தடவை எச்சரித்தார். அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். விற்க முடியாத வீட்டில் பாதி என்பது ஒன்றுமில்லாததில் பாதிதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். யோவில் ஊரில் ஒரு சலவைக் கடைக்கு மேலே வாடகை அறை கிடைத்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கீழே இயந்திரங்கள் நாள் முழுவதும் உருண்டன. முதல் வாரம் அந்தச் சத்தத்தில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

வசந்தத்தில் நோரீன் போன் செய்தாள். வழக்கமான வம்பு எதுவும் இல்லாமல் இழுத்து இழுத்துப் பேசினாள்.

“மாரியன், வேற யார் வாயாலயாவது நீ கேக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். கிளைவ் வீடு வித்துருச்சு.”

“எப்படி விக்கும்? அந்தப் புல்லு?”

“வால்டர் எழுதிக் குடுத்துட்டாரு. பப்ல நானே கேட்டேன். கிளைவோட எனக்கு ஒரு சண்டையும் இல்லையேங்கிறாரு.” பிறகு, “லைன்ல இருக்கியாடி?” என்றாள்.

“இருக்கேன்” என்றாள் மாரியன்.

பள்ளிக்கூடத்தில் அன்று பிள்ளைகளுக்கு மீனும் மசித்த உருளைக்கிழங்கும். இரண்டு மூட்டை தோல் சீவ வேண்டியிருந்தது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியின் நடுவில் கைப்பிடியைப் பற்றியபடி அங்கேயே உட்கார்ந்தாள். கீழே யாரோ நாணயம் போட்டு ஓர் இயந்திரத்தைச் சுழல விட்டார்கள். நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.